வர்ணனையும் வர்ணமும்

விளையாட்டைக் கண்ணால் காண இயலாதவருக்குச் சொல்லால் காட்டும் தொழிலுக்குத் தமிழில் நேர்முக வர்ணனை என்ற பெயர் நிலைத்துவிட்டது. வர்ணனை என்பதன் வேரில் கிடக்கும் வர்ணம் நிறத்தைக் குறிக்கும் சொல்; அதுவே வருணம் என்று நின்று, மனிதரைப் பிறப்பால் அடுக்கி வைக்கும் ஏற்பாட்டையும் குறிக்கும். அகராதியில் இவ்விரண்டும் அருகருகே இருப்பதில் வியப்பில்லை, சொற்கள் அப்படித்தான் ஒண்டுக்குடித்தனம் செய்கின்றன. உறுத்தல் தொடங்குவது வேறோர் இடத்தில். பச்சைப் புல்லையும் வெள்ளை உடையையும் சிவந்த பந்தையும் காதுவழியே காட்டவல்ல ஒரு குரல், அந்தப் புல்லின்மேல் கால்வைக்க எவருக்கு அனுமதி உண்டு, எவருக்கு இல்லை என்பதையும் காட்டக் கடமைப்பட்டதா என்று கேட்கும்போது, வர்ணனை என்ற சொல் தன் இரண்டாம் பொருளை மெல்ல வெளியே நீட்டுகிறது. வர்ணனை சிறக்கச் சிறக்க எல்லைக் கோட்டுக்கு வெளியே உள்ள உலகம் கேட்பவரின் நினைவிலிருந்து கழன்றுகொள்கிறது; அந்த மறதியைத் தேடியே வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகுபவர்களும் உண்டு. அப்படியானால் மிகச் சிறந்த வர்ணனையாளரே மிகப் பெரிய மறதியை விளைவிப்பவராகவும் ஆகிவிடுகிறார். 1946 முதல் 1980 வரை 34 ஆண்டுகள் பிபிசி வானொலியில் கிரிக்கெட்டை வர்ணித்த ஜான் ஆர்லட்டைப் பற்றி எண்ணத் தொடங்கினால் இந்தச் சிக்கலில் வந்து முட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஏனெனில் பேச்சால் பெயர் பெற்ற அந்த மனிதர் செய்தவற்றுள் ஆழ நினைக்கப்படுவது, 1970ஆம் ஆண்டில் அவர் பேச மறுத்த ஒரு செயல்.

அவருடைய குரல் முதலில் ஒரு குறையாகவே கணிக்கப்பட்டது. அக்கால பிபிசியில் ஒலித்த ஆங்கிலம் பெரும்பாலும் மேட்டுக்குடிப் பள்ளிகளிலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிலும் கடைந்தெடுத்தது. ஆர்லட்டின் நாவிலோ தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் வட்டார வழக்கு, ரகரத்தை உருட்டி, உயிரெழுத்துகளை இழுத்து, அவசரமில்லாமல் நடந்தது. வெளிக்கள ஒலிபரப்பு, அதாவது நிலையத்துக்கு வெளியே நிகழ்வு நடக்கும் இடத்திலிருந்தே செய்யும் ஒலிபரப்பு, அதற்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி, குரல் கொச்சையானது, ஆனால் மனம் சுவையானது என்ற பொருளில் அவரிடமே சொன்னதாக ஆர்லட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த மனம் உருவான இடங்கள் விளையாட்டு மேடைகளுக்கு மிகத் தொலைவில் இருந்தவை. 1914இல் பேசிங்ஸ்டோக் என்ற சிறு நகரத்தின் கல்லறைத் தோட்டக் காவல் இல்லத்தில் அவர் பிறந்தார். பெயரும் ஆண்டும் பொறித்த கற்களுக்கு நடுவே ஒரு குழந்தை எழுத்துக்கூட்டப் பழகுவதைக் கற்பனை செய்துகொள்வது கடினமன்று. மனநோய் மருத்துவமனை ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்தார். 1934 முதல் 1945 வரை சவுதாம்ப்டன் நகரக் காவல்துறையில் பணியாற்றினார். போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு இரையான துறைமுக நகரம் அது. இரவு ரோந்துக்கு இடையே கவிதை எழுதினார், ஜான் பெட்ஜமன் போன்ற கவிஞர்கள் அவரை ஊக்குவித்தார்கள். கவிஞர் வர்ணனையாளரானார் என்று சொல்வதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் காவலர் வர்ணனையாளரானார் என்று சொல்வதிலும் உண்மை உண்டு. எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார், என்ன செய்தார் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் குறிப்பேட்டில் பதிவது காவலரின் முதல் பாடம். சாட்சி சொல்பவர் தாம் கண்டதைச் சொல்லவேண்டும், காணாததைச் சொல்லலாகாது. அந்தப் பாடத்தின் மறுபக்கம், கண்டதைச் சொல்லாமல் விடுவதும் பொய்ச்சாட்சியே என்பது. இந்த மறுபக்கம்தான் பிற்பாடு அவரைத் துரத்தியிருக்க வேண்டும்.

அவருடைய முதல் வர்ணனைகள் இங்கிலாந்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிபிசியின் கிழக்கத்திய சேவையில், ஒரு காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் வகித்த பணியில், இலக்கிய நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளராக அவர் இருந்தபோது, 1946 கோடையில் மூத்த பட்டோடி நவாபின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அந்த ஆட்டங்களைப் பற்றி இந்திய நேயர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. கிரிக்கெட் பித்துக்கொண்ட இந்தத் தயாரிப்பாளரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. தொடக்க ஆட்டங்களோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, இந்தியாவில் கிடைத்த வரவேற்பினால் கோடை முழுவதும் நீண்டது. ஆக, பின்னாளில் இங்கிலாந்துக் கோடையின் குரல் என்றே கருதப்பட்ட அந்தக் குரலை முதலில் ஏற்றுக்கொண்டவை இந்தியச் செவிகள்; அதன் உச்சரிப்பிலிருந்த வர்க்கத் தழும்பு அச்செவிகளுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திராது. அதே கோடையில் இன்னொன்றும் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து, விடுதலைக்கு இன்னும் ஓராண்டு இருக்கையிலேயே இந்தியா அந்நாட்டுடனான வணிகத்தை முறித்துக்கொண்டு, விவகாரத்தை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுசென்றது. அங்கே அவதிப்பட்டவர்களில் பெரும் பகுதியினர், 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழ், தெலுங்கு உழைப்பாளிகளின் சந்ததியினர். இவ்விரு நிகழ்வுகளையும் இணைக்கும் கயிறு எதுவும் அப்போது இல்லை. ஒரு பக்கம் புல்வெளியில் வெள்ளை உடையணிந்த பதினொருவர், மறுபக்கம் முத்திரை குத்தப்பட்ட மக்கள். இரண்டும் ஒரே ஆண்டின் நாட்குறிப்பில் வெவ்வேறு பக்கங்களில் கிடந்தன. அப்பக்கங்களைச் சேர்த்துத் தைக்க நேர்ந்தவர்களுள் அந்தக் குரலுக்குரியவரும் ஒருவராகப்போகிறார் என்பதற்கு எந்த அறிகுறியும் இருந்திராது.

வானொலி வர்ணனையின் உள்ளமைப்பைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கிரிக்கெட்டில் ஒரு பந்து வீசப்பட்டு அடிக்கப்படும் நேரம் சில நொடிகளே. அடுத்த பந்து வரும்வரை உள்ள இடைவெளி அதைப்போலப் பல மடங்கு. ஆகவே வர்ணனையாளர் பேசும் நேரத்தின் பெரும்பகுதி எதுவும் நடக்காத நேரம். அந்த வெற்றிடத்தை ஆர்லட் புள்ளிவிவரங்களால் அடைக்கவில்லை. மைதானத்தின்மேல் நகரும் மேகம், சீட்டுக்கட்டுப்போல் சரிந்து எழும் புறாக்கூட்டம், பந்துவீச்சாளர் தோளை உதறிக்கொண்டு திரும்பி நடக்கும் நடையில் தெரியும் சலிப்பு என்று கண்ணில் பட்டவற்றைப் பொறுக்கி, அவசரமில்லாத வாக்கியங்களில் வைத்தார். பந்து புறப்படும் கணத்தில் அவ்வாக்கியம் எங்கே இருந்தாலும் வந்து நிற்கவேண்டிய இடத்தில் வந்து நின்றது. 1957இல் டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல் என்ற பெயரில், ஒரு பந்தும் விடாமல் முழு ஆட்டத்தையும் ஒலிபரப்பும் ஏற்பாடு தொடங்கியபின் இந்த நிதானத்துக்கு நாள் முழுவதும் நீளும் பாய் விரிக்கப்பட்டது. ஆனால் அவருடைய வர்ணனைகளில் அதிகம் நினைக்கப்படும் துண்டு அதற்கும் முந்தியது. 1948 ஆகஸ்ட் 14 அன்று ஓவல் மைதானத்தில் டான் பிராட்மன் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் மட்டையுடன் இறங்கியபோது, எதிரணியினர் சூழ்ந்து நின்று அவருக்கு மும்முறை வாழ்த்தொலி எழுப்பினர். எரிக் ஹாலிஸ் வீசிய இரண்டாம் பந்தில் அவர் ஓட்டமேதும் எடுக்காமல் வீழ்ந்தார். சற்றுமுன்தான் ரெக்ஸ் ஆல்ஸ்டனிடமிருந்து ஒலிவாங்கியைப் பெற்றிருந்த ஆர்லட் அந்த வீழ்ச்சியைச் சொல்லிவிட்டு, புகழ்பெற்ற களத்தில், கடைசி டெஸ்டில், எதிரிகளே வாழ்த்தொலித்து நிற்கும்போது ஒருவரால் பந்தை உண்மையிலேயே பார்க்க முடியுமா என்று உரக்க வியந்துகொண்டார். தாம் பார்ப்பதைச் சொல்லவேண்டிய வேலையில் இருப்பவர், களத்தில் நிற்பவருக்குப் பார்வை இருந்ததா என்று கேட்கிறார். வர்ணனை தன் எல்லையைத் தொட்டுவிட்டுக் கேள்வியாக மாறிய கணம் அது. கண்ணீர் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை; பயன்படுத்தாததாலேயே அது கேட்பவரின் கண்ணில் வந்து நின்றது.

அதே 1948இல், மே மாதத்தில், தென்னாப்பிரிக்காவில் தேசியக் கட்சி தேர்தலில் வென்று அபார்தைட் என்ற ஒழுங்கைச் சட்டமாக்கத் தொடங்கியது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பிரிந்திருத்தல் என்று பொருள்படும் அச்சொல், தமிழில் நிறவெறி, இன ஒதுக்கல் என்றெல்லாம் வழங்குகிறது; மக்களை வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் என்று பெட்டி பிரித்து, குடியிருப்பு முதல் கடற்கரை வரை ஒவ்வொன்றையும் அப்பெட்டிகளுக்கேற்பப் பங்கிட்ட ஆட்சிமுறை அது. அவ்வாண்டின் இறுதியில் அங்கு சென்ற இங்கிலாந்து அணியுடன் ஆர்லட்டும் வர்ணனைக்காகச் சென்றார். தெருவில் கறுப்பர் ஒருவரை வெள்ளையர் ஒருவர் காலால் உதைத்ததைக் கண்டார், கறுப்பர்களின் ஒதுக்குக் குடியிருப்புகளுக்குள் சென்று அங்கிருந்த வாழ்க்கையைப் பார்த்தார். குடிநுழைவுப் படிவத்தில் இனம் என்ன என்று கேட்டிருந்த இடத்தில் மனிதன் என்று எழுதினார். இந்தப் படிவக் கதை அடிக்கடி சொல்லப்பட்டுச் சொல்லப்பட்டு இன்று ஒரு நாணயம்போல் தேய்ந்து பளபளக்கிறது. ஒற்றைச் சொல்லின் வெற்றி கேட்பவருக்கு இனிப்பதால், அதற்குப் பின்னால் நடந்தவற்றின் கரடுமுரடு மறைந்துபோகிறது. நாடு திரும்பியபின் 1950இல், பொதுமக்கள் கேள்விகளுக்குப் பிரமுகர்கள் பதில் சொல்லும் எனி கொஸ்டின்ஸ் என்ற வானொலி நிகழ்ச்சியில், தென்னாப்பிரிக்க அரசைப் பெரும்பாலும் நாஜித் தன்மை கொண்டது என்ற பொருளில் அவர் விமர்சித்தார். அதன்பின் சில ஆண்டுகள் அந்நிகழ்ச்சிக்கு அவர் அழைக்கப்படவில்லை. கருத்துச் சொல்லும் மேடையில் கருத்துச் சொன்னதற்கு இந்த விலை. கிரிக்கெட் பெட்டியின் கதவு மட்டும் திறந்தே இருந்தது. அங்கே அவர் கருத்துச் சொல்லவில்லை, பந்தைச் சொன்னார்.

ஐயம் கனமாகும் இடம் இதுதான். 1951, 1955, 1960, 1965 என்று நான்கு கோடைகளில் வெள்ளையர் மட்டுமே இடம்பெற்ற தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வந்தது. நான்கு கோடைகளிலும் அந்தக் குரல் வர்ணித்தது. உதையைக் கண்ட கண்கள், உதைத்தவரின் நாட்டு மட்டையாளர் பந்தைத் தட்டிவிடும் நளினத்தையும் கண்டு அழகாகச் சொல்லின. இதைக் குற்றச்சாட்டாக நீட்டிவிடுவது எளிது, தள்ளுபடி செய்துவிடுவதும் அதே அளவு எளிது. தள்ளுபடி செய்பவர்கள், அவர் 1955, 1959 ஆண்டுகளில் லிபரல் கட்சியின் வேட்பாளராக எப்பிங் தொகுதியில் நின்றதையும் பொதுமேடைகளில் பேசியதையும் காட்டுவார்கள். தொழில் வேறு, குடிமகன் கடமை வேறு என்று பிரித்தும் காட்டுவார்கள். ஆனால் பிரித்து வைத்தல் என்பதுதான் அந்த ஆட்சிமுறையின் பெயரே என்பதை நினைக்கும்போது அந்தச் சமாதானம் நெருடுகிறது. 1960ஆம் ஆண்டின் வசந்தத்தை எடுத்துக்கொள்ளலாம். மார்ச் 21 அன்று ஷார்ப்வில் என்ற இடத்தில், அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின்மேல் காவல்துறை சுட்டதில் 69 பேர் இறந்தனர். சில வாரங்களில் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்தில் வந்திறங்கியது. முன்னாள் இங்கிலாந்து அணித் தலைவரும் பாதிரியாருமான டேவிட் ஷெப்பர்ட், அவ்வணிக்கு எதிராக ஆடமாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தார். மறுக்கும் வழி ஒன்று இருக்கிறது என்பது அப்போதே தெரிந்த செய்திதான். ஒரு காவலர் வேலைக்குள் காவலரை உருவாக்கும் கீழ்ப்படிதல் இருப்பதுபோல, வர்ணனைப் பெட்டிக்குள்ளும் ஒரு கீழ்ப்படிதல் இருக்கிறது. பந்து வரும்போது அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நிகழ்காலம் அவ்வளவு வலிய எசமானன்.

ஆனால் அதே 1960 ஏப்ரலில் இன்னொருவரும் இங்கிலாந்தில் இறங்கினார். கேப் டவுனின் சிக்னல் ஹில் பகுதியில் பிறந்து, கலப்பினத்தவர் என்று முத்திரையிடப்பட்டு, அதனாலேயே தம் நாட்டு அணிக்குள் நுழையவே முடியாதவராயிருந்த பேசில் டொலிவெரா, 1958இல் ஆர்லட்டுக்குப் பச்சை மையில் ஒரு கடிதம் எழுதியிருந்தார்: இங்கிலாந்தில் தொழில்முறையாக ஆட ஏதேனும் வழி உண்டா என்று. ஆடுவதைத் தாம் ஒருமுறையும் பார்த்திராத ஒரு மனிதருக்காக ஆர்லட் பல கழகங்களைக் கேட்டு, பத்திரிகையாளர் ஜான் கேயின் துணையோடு, லங்காஷயர் பகுதியிலுள்ள மிடில்டன் கழகத்தில் 450 பவுன் ஊதியத்துக்கு ஒரு கோடைக்கால ஒப்பந்தத்தைப் பெற்றுத்தந்தார். வர்ணனையாளரை வானொலி வழியாகவே அறிந்திருந்தவர் டொலிவெரா. குரலை வைத்தே அது இரக்கமுள்ள மனிதரின் குரல் என்று அவர் முடிவுசெய்தது, விளையாட்டு ஒலிபரப்பின் வரலாற்றில் குரல் ஒன்றுக்குக் கிடைத்த மிகத் துல்லியமான விமர்சனம் என்று தோன்றுகிறது. ஆக அந்தக் கோடையில் ஒரே மனிதரின் இரு வேலைகள் அருகருகே நடந்தன. ஒன்று, டெஸ்ட் மைதானங்களில் வெள்ளை அணியின் ஆட்டத்தை நாடெங்கும் கேட்கச் சொல்வது. மற்றொன்று, அவ்வணியில் இடம் மறுக்கப்பட்டவர் லங்காஷயரின் குளிரில் நடுங்கிக்கொண்டு முதல் ஓட்டங்களைத் தேடுவதற்கு வழியமைத்துக் கொடுத்தது. முதலாவது ஒலித்தது, இரண்டாவது அஞ்சல் உறைகளுக்குள் மௌனமாக நடந்தது. ஒலித்தது அன்றே காற்றில் கரைந்தது. மௌனமாக நடந்தது எட்டு ஆண்டுகளுக்குப்பின் ஓர் அரசையே நிலைகுலைய வைத்தது.

1966இல் இங்கிலாந்து அணிக்குள் வந்துவிட்ட டொலிவெரா, 1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் குவித்தார். அடுத்த சில நாட்களில் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு அறிவிக்கப்பட்ட அணியில் அவர் பெயர் இல்லை. எதிர்ப்புக் கிளம்பியது, டாம் கார்ட்ரைட் காயத்தால் விலகியதும் அவ்விடத்தில் டொலிவெரா சேர்க்கப்பட்டார், தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் அவ்வணியை ஏற்க மறுத்தார், பயணம் ரத்தானது. பலமுறை எழுதப்பட்ட இந்த வரலாற்றில் இங்கே கவனிக்கத்தக்கது அதன் பின்விளைவு மட்டும். 1970 கோடையில் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து வருவதாக இருந்தது. ஏப்ரல் மாதத்தில் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில், அத்தொடரை வர்ணிக்கப்போவதில்லை என்று ஆர்லட் அறிவித்தார். அவர் சொன்ன காரணம் எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. நிறவெறியின் கொடுமைகளை அடுக்கிவிட்டு நீதியின் பெயரால் விலகுவதாகச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை; எந்த ஆட்டத்தின் வர்ணனைக்கும் மகிழ்ச்சி என்ற மூலப்பொருள் தேவை, பேசுபவரும் கேட்பவரும் பகிர்ந்துகொள்ளும் இன்பமாகத்தான் அதைத் தர முடியும், இந்தத் தொடரில் அந்த இன்பத்தைத் தம்மால் காண இயலாது என்ற வகையில் வாதத்தைத் தொழிலின் உள்ளிருந்தே எடுத்து வைத்தார். அறத்தைத் தொழிலுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டாமல், தொழிலின் இலக்கணமே அறத்தைக் கோருகிறது என்று காட்டிய வாதம் இது. தச்சர் புழு அரித்த மரத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு இது உளிக்கு நிற்காது என்று சொல்வதைப் போன்றது.

இந்த வாதத்தின் வலிமையை உணரத் தமிழ் மரபில் ஓர் எதிர்ச்சான்று இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் போரைக் கண்டு வந்து காளிக்குச் சொல்வது ஒரு பேய். செயங்கொண்டார் அந்த வேலையைப் புலவருக்கோ தூதருக்கோ கொடுக்காமல் பேய்க்குக் கொடுத்ததில் ஒரு கூர்மை உண்டு. ஏனெனில் பேய்க்குப் பசி. போர் எவ்வளவு மூர்க்கமாக நடந்ததோ அவ்வளவு பிணம், அவ்வளவு கூழ். களத்தை வர்ணிப்பவரின் வயிறு களத்தில் விழுவதை நம்பி இருக்கிறது என்பதை அந்தப் பரணி சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறது. விளையாட்டு வர்ணனையாளரின் நிலையும் அதுவே. ஆட்டம் நடந்தால்தான் சோறு, ஆட்டம் விறுவிறுப்பாக இருந்தால் பெயர். தொலைக்காட்சி உரிமங்களும் விளம்பர இடைவேளைகளும் வந்துவிட்ட பிற்காலத்தில் இந்தப் பசி நிறுவனமயமாகிவிட்டது, ஆட்டத்தை விற்பவரே வர்ணனையாளரையும் அமர்த்துகிறார். சுவை இல்லாத இடத்தில் சுவை இருப்பதாகச் சொல்லும் குரலுக்குத் தட்டுப்பாடே இல்லை. இந்நிலையில், இதில் எனக்கு இன்பமில்லை என்று ஒரு வர்ணனையாளர் சொல்வது, களத்திலிருந்து வந்த பேய் எனக்குப் பசியில்லை என்று காளியிடம் சொல்வதற்கு ஒப்பானது. அதே நேரத்தில் அந்த வாதம் அதைச் சொன்னவரையே திரும்பிப் பார்த்துக் கேட்கிறது: இன்பம் இன்றி வர்ணிக்க முடியாதென்றால், ஷார்ப்வில்லுக்குப் பிந்தைய கோடையில் அந்த இன்பம் எங்கிருந்து வந்தது? இருந்தது என்றால் அது எத்தகைய இன்பம்? இல்லையென்றால், அந்தக் குரல் அன்று நேயர்களிடம் எதைப் பகிர்ந்தது? மனிதரின் மனசாட்சி ஒரே நாளில் விழித்துக்கொள்வதில்லை, அது தவணை முறையில் கடன் அடைக்கிறது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆறுதல்கள் கணக்கை நேர்செய்வதில்லை.

மறுப்பின் பயனையும் மிகைப்படுத்தலாகாது. அந்தத் தொடர் 1970 மே மாதத்தில் கைவிடப்பட்டதற்குக் காரணம், பீட்டர் ஹெய்ன் முதலிய இளைஞர்கள் முன்னின்று நடத்திய மக்கள் இயக்கமும் இறுதியில் அரசு விடுத்த வேண்டுகோளும். ஆர்லட்டின் மௌனம் சோதிக்கப்படவே இல்லை; பேச மறுத்த ஆட்டங்கள் நடக்கவில்லை. அவற்றின் இடத்தில் கேரி சோபர்ஸின் தலைமையில் உலக அணி ஒன்று இங்கிலாந்துடன் ஆடியது. அதில் கரிபியன், இந்தியத் துணைக்கண்ட வீரர்களோடு கிரேம் பொல்லாக், பாரி ரிச்சர்ட்ஸ், மைக் பிராக்டர் போன்ற தென்னாப்பிரிக்க வெள்ளையர்களும் இருந்தனர். அவர்களுள் ரிச்சர்ட்ஸ், ஆர்லட் உயிராக நேசித்த ஹாம்ப்ஷயர் அணிக்கு 1968 முதல் ஆடிவந்தவர். அவருடைய மட்டைவீச்சின் அழகுக்கு அந்தக் குரலும் பேனாவும் கட்டுப்பட்டே இருந்தன. தனிமனிதரின் ஆட்டம் அழகாயிருக்கலாம், அவரை அனுப்பும் நாட்டின் அணி கசக்கலாம் என்ற வேறுபாட்டை அவர் காத்துக்கொண்டார் என்று இதை விளக்கலாம். ஆனால் அழகு கண்ணில் படும்போது அதன் பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை என்ற உண்மையும் இதில் இருக்கிறது. டொலிவெராவின் கடிதத்துக்குப் பதில் எழுதிய மனமும் ரிச்சர்ட்ஸின் மட்டைக்கு உருகிய மனமும் ஒன்றே. படிவத்தில் மனிதன் என்று எழுதியதன் பொருளை இப்படி இரு பக்கமும் நீட்டித்தான் படிக்கவேண்டியிருக்கும். அப்படிப் படிக்கும்போது அந்த வாசகம் பழைய பளபளப்பை இழந்து, கையில் எடுத்துப் பார்த்தால் எடை தெரிகிற பொருளாகிவிடுகிறது.

பிந்திய ஆண்டுகளில் அந்தக் குரல் மாறியிருந்தது. 1965 புத்தாண்டின்போது மூத்த மகன் கார் விபத்தில் இறந்தபின் ஆர்லட் கறுப்புக் கழுத்துப்பட்டையையே அணிந்தார். 1976இல் இரண்டாம் மனைவியும் இறந்தார். திராட்சை மதுவைப் பற்றி நூல்கள் எழுதும் அளவுக்கு அதன் சுவையில் தோய்ந்திருந்தவருக்கு மூச்சு இரைப்பும் கூடிவந்தது. வாக்கியங்களுக்கு இடையே இழுக்கும் மூச்சு ஒலிபரப்பில் கேட்டது, நேயர்கள் அதையும் நிறுத்தக்குறிபோலப் பழகிக்கொண்டனர். இந்தத் துயரங்கள் எவையும் வர்ணனைக்குள் வந்ததில்லை. சொந்தத் துக்கத்தைப் பேசாமலிருந்தது கண்ணியம் என்று எளிதில் ஒப்புக்கொள்ளும் மனம், பிறர் துக்கத்தைப் பேசாமலிருந்ததை மட்டும் ஏன் அதே பெயரால் அழைக்கத் தயங்குகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இரண்டும் வெளியிலிருந்து கேட்க ஒரே மௌனம்தான். ஒன்று தன்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, மற்றொன்று பிறரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. வேறுபாடு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது.

1980 செப்டம்பர் 2 அன்று லார்ட்ஸ் மைதானத்தில், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடிய நூற்றாண்டு நினைவு டெஸ்ட் ஆட்டத்தின் கடைசி நாளில், அவருடைய கடைசி டெஸ்ட் வர்ணனை முடிந்தது. விடைபெறும் உரை எதுவும் இல்லை. ஓவர் முடிந்ததும், ஆட்டநிலையைச் சொல்லி, அடுத்துப் பேசவிருக்கும் டிரெவர் பெய்லியின் பெயரையும் அவருக்குப்பின் கிறிஸ்டோபர் மார்டின் ஜென்கின்ஸின் பெயரையும் சொன்னார்; 34 ஆண்டுகளாக ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் சொன்னதைப்போலவே. மைதான ஒலிபெருக்கியில் செய்தி அறிவிக்கப்பட்டபோது பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினர், ஆடுபவர்களும் பெட்டியை நோக்கித் திரும்பினர், மட்டையுடன் நின்ற ஜெஃப் பாய்காட் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைதட்டினார். அதன்பின் அவர் ஆல்டர்னி என்ற சிறு தீவுக்குக் குடிபோனார். 1970இல் நிறுத்தியதற்கு ஒரு முழுக் கட்டுரையின் விளக்கம் தேவைப்பட்டது. 1980இல் நிறுத்தியதற்கு இரு பெயர்கள் போதுமானவையாக இருந்தன. முதலாவதில் தம் இடத்தில் வேறொருவர் பேசக்கூடும் என்பது பொருட்டாக இல்லை, தாம் பேசலாகாது என்பதே பொருட்டு. இரண்டாவதில் அடுத்தவர் பேசுவார் என்பது மட்டுமே பொருட்டு. 1991 நவம்பர் 10 அன்று, 21 ஆண்டுகால விலக்கத்துக்குப்பின் தென்னாப்பிரிக்க அணி சர்வதேசக் களத்துக்குத் திரும்பிய முதல் ஆட்டம் கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் நடந்தது. அந்நாட்டோடு முதலில் வணிகத்தை முறித்த நாட்டில், அவருடைய குரலை முதலில் கேட்ட நாட்டில். ஐந்து வாரங்கள் கழித்து, டிசம்பர் 14 அன்று, ஆல்டர்னியில் ஆர்லட் இறந்தார். கல்கத்தாவில் அன்று களமிறங்கிய தென்னாப்பிரிக்கர்களும் வெள்ளையர்களே. வாக்குரிமை அவர்கள் நாட்டின் பெரும்பான்மைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. ஆயினும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நிறைந்த அந்த மைதானத்தின் வர்ணனைப் பெட்டிகளில் குரல்கள் ஓயாமல் ஒலித்தன, பந்து வந்தது, பந்து போனது, எல்லோரும் மகிழ்ந்திருந்தார்கள். அந்த மகிழ்ச்சி பொய் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதற்குள் 1951இன் மகிழ்ச்சியும் 1960இன் மகிழ்ச்சியும் எத்தனை பங்கு கலந்திருந்தன என்று பிரித்துச் சொல்லும் சாட்சியும் எவரிடமும் இல்லை.